லோலாவுக்காகக் கண்விழித்த ஒன்பது இரவுகள்: பிலிப்பைன்ஸ் துக்க வீட்டுக்குப் புதிதாகச் செல்வோருக்கு

என் கணவரின் பாட்டி பட்டாங்காஸ் மாகாணத்துக் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தமது 91ஆம் வயதில் காலமானார். தகலோக் மொழியில் பாட்டியை லோலா என்றும் தாத்தாவை லோலோ என்றும் அழைப்பார்கள். லோலாவுக்கு 9 பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் 40க்கும் மேல். கொள்ளுப்பேரப்பிள்ளைகளை எண்ணும்போது வீட்டாருக்குள்ளேயே கணக்கு வேறுபடும். நான் அந்தக் குடும்பத்துக்கு மருமகளாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. காலையில் உயிர் பிரிந்தால் மாலைக்குள் எடுத்துவிடும் ஊரில் வளர்ந்த எனக்கு, ஒன்பது இரவுகள் உடலை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரே கூடியிருப்பதைப் பார்த்தபோது எங்கே நிற்பது, என்ன சொல்வது, எப்போது கிளம்புவது என்று ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் தயக்கமாக இருந்தது.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடு ஒன்றாக வேலை செய்கிறவர்கள், தாவாவோ நகரில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள், என்னைப் போல அந்நாட்டுக் குடும்பத்தில் மணம் முடித்தவர்கள் என இந்தத் தயக்கத்தை என்றாவது சந்திக்கப் போகிறவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக, நான் பார்த்ததையும் பிறகு பெரியவர்களிடம் கேட்டு அறிந்ததையும் வரிசையாக எழுதுகிறேன். ஊருக்கு ஊர் வழக்கம் மாறும். நான் சொல்வது தகலோக் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அடக்கம் ஆகும்வரை இறந்தவரை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. இந்தக் காவலுக்கு லமாய் என்று பெயர். இரவில் கண்விழித்திருத்தல் என்பதே அச்சொல்லின் பொருள். இதை மனத்தில் இருத்திக்கொண்டால் அங்கே நடக்கும் விசித்திரமாகத் தோன்றும் பலவற்றுக்குக் காரணம் தானாகப் புரியும்.

செய்தி வந்தவுடன்

முதலில் குடும்பத்தின் சமயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நாட்டில் 78.8 விழுக்காட்டினர் ரோமன் கத்தோலிக்கர்கள். ஆகவே பெரும்பாலும் நீங்கள் போகப் போவது கத்தோலிக்க வீடாகவே இருக்கும். நாட்டின் தெற்கே உள்ள மிந்தனாவோ பகுதி முஸ்லிம் குடும்பம் என்றால் ஒரு நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். தாமதிக்காமல் புறப்பட வேண்டும். இக்லேசியா நி கிறிஸ்தோ திருச்சபையினரும் புரோட்டஸ்டண்டுகளும் இறந்தவருக்காக ஒன்பது நாள் தொடரும் நவநாள் செபம் சொல்வதில்லை. அத்தகைய வீட்டில் நான் பின்னால் சொல்லும் செப வரிசையை எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்துக் கேட்க வேண்டியது அடக்கம் என்றைக்கு என்பது. மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை லமாய் நடப்பது சாதாரணம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வர வேண்டியிருந்தால் அதற்கு மேலும் நீளும். பதப்படுத்தாத உடலை 48 மணி நேரத்துக்கு மேல் அடக்கம் செய்யாமல் வைத்திருக்கக் கூடாது என்று அந்நாட்டின் 1975ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டம் சொல்கிறது. அதனால் இறந்த அன்றே உடலை எம்பாம் செய்து, கண்ணாடி பதித்த சவப்பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பட்டாங்காஸ் மாகாணத்திலிருந்து இத்தாலிக்கு வேலைக்குப் போனவர்கள் மிகுதி. எங்கள் லோலாவின் நான்காவது மகளும் அங்கே ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். அவருக்கு விடுப்பு கிடைத்து, விமானச் சீட்டுக் கிடைத்து, அவர் வந்து சேர ஏழு நாள் ஆயிற்று. அவர் வராமல் எடுப்பது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை.

ஒரே ஓர் இரவுதான் போக முடியும் என்றால் எந்த இரவு போவது என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். கடைசி இரவில் கூட்டம் நிரம்பி வழியும். அன்று நீங்கள் வந்ததை வீட்டார் கவனிக்கக்கூட முடியாது. நடுவில் வரும் மூன்றாம் நான்காம் இரவுகளில், விடியற்காலை இரண்டு மணிக்கு மேல், அழுது களைத்த நான்கைந்து பேர் மட்டும் பெட்டியருகே தூக்கத்தோடு போராடிக்கொண்டிருப்பார்கள். உண்மையிலேயே உதவ நினைப்பவர் அந்த இரவில் போய் உட்கார வேண்டும் என்பதே என் எண்ணம்.

வாசலில் நுழையும்போது

வெள்ளை, கறுப்பு, அல்லது மங்கலான நிறத்தில் உடுத்துங்கள். சிவப்பு கூடாது. தெருவின் பாதியை அடைத்துத் தார்ப்பாய்ப் பந்தல் போட்டு, பரங்காய் அலுவலகத்திலிருந்து இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். பரங்காய் என்பது அங்குள்ள மிகச் சிறிய ஆட்சிப் பிரிவு. நம் ஊராட்சி வார்டு போன்றது. சாலையோரத்தில் மலர் வளையங்கள் முக்காலிகளின்மேல் நிற்கும். அனுப்பியவர் பெயர் நாடாவில் எழுதியிருக்கும். மேயர் முதல் வார்டு உறுப்பினர் வரை அரசியல்வாதிகளின் பெயர்களும் அவற்றில் இருக்கும்.

உள்ளே போனதும் வயதில் மூத்தவர்களிடம் மானோ வாங்க வேண்டும். சற்றுக் குனிந்து, 'மானோ போ' என்று சொல்லி, அவர் நீட்டும் கையைப் பிடித்து அதன் புறங்கையை நம் நெற்றியில் ஒற்றிக்கொள்வதுதான் மானோ. 'போ' என்னும் ஒலி நம் காதுக்கு விரட்டுவது போல் கேட்டாலும், அது நாம் பேச்சில் சேர்க்கும் 'ங்க' போன்ற மரியாதை ஒட்டு. மூத்தவரிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதைச் சேர்க்கத் தவறாதீர்கள். துக்கம் விசாரிக்க 'நாக்கிக்கிராமாய் போ' என்றால் போதும். தாமாய் என்னும் வேரிலிருந்து வரும் இச்சொல்லுக்கு, உங்கள் துயரத்தில் நானும் பங்கு கொள்கிறேன் என்று பொருள். பிறகு யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், அத்தை, பெரியம்மா, சித்தி நிலையில் இருப்பவரைத் தீத்தா என்றும், மாமா, பெரியப்பா, சித்தப்பா நிலையில் இருப்பவரைத் தீத்தோ என்றும், அண்ணனைக் குயா என்றும், அக்காவை ஆத்தே என்றும் அழையுங்கள். நமக்குள்ள அளவுக்கு உறவுமுறைச் சொற்கள் அங்கே பிரிவதில்லை. தாய்வழியா தந்தைவழியா என்று குழம்ப வேண்டியதில்லை.

அதன்பின் பெட்டியருகே சென்று சிறிது நேரம் நில்லுங்கள். எங்கள் லோலா தாம் உடுத்திப் போக வேண்டிய வெண்பட்டுக் கவுனைப் பத்தாண்டுகளுக்கு முன்பே தைத்து, பாச்சை உருண்டை போட்டு, அலமாரியின் மேல்தட்டில் எடுத்து வைத்திருந்தார். முகத்தில் லேசாக ஒப்பனை, விரல்களில் சுற்றிய செபமாலை. கண்ணாடியின்மேல் குனிந்து அழத் தொடங்கிய பேத்தி ஒருத்தியை அவள் அத்தை தோளைப் பிடித்து மெல்லப் பின்னுக்கு இழுத்தார். கண்ணீர் அந்தக் கண்ணாடியில் விழுந்தால் போகிற உயிருக்குப் பயணம் கனத்துப் போகும் என்பது நம்பிக்கை. அழக் கூடாது என்பதன்று, தள்ளி நின்று அழ வேண்டும். கர்ப்பிணிகள் இறந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் அங்கே உண்டு. நம் வீடுகளிலும் அப்படித்தான் என்பதால் அதை விளக்க வேண்டியதில்லை.

பெட்டியருகே குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்; உங்களையும் அழைப்பார்கள். போய் நில்லுங்கள். வர முடியாத உறவினர்களுக்கு அந்தப் படம் அன்றிரவே போய்ச் சேரும்.

அபுலோய் கொடுப்பது

துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு அபுலோய் என்று பெயர். பெட்டியின் அருகிலோ வரவேற்பு மேசையிலோ இதற்கென ஒரு பெட்டி இருக்கும்; பணத்தை உறையில் இட்டு, உறைமேல் பெயர் எழுதி அதில் போடலாம், அல்லது வீட்டாரில் ஒருவர் கையில் தரலாம். இவ்வளவு என்று அளவில்லை, இயன்றதைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் ஓர் ஆத்தே பள்ளிக்கூட நோட்டில் பெயரும் தொகையும் எழுதிக்கொண்டே வந்தார். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த ஒன்று மட்டும் முதல் நாளே விளங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் நாளை ஒரு துக்கம் என்றால் நாம் போக வேண்டுமே என்று அவர் சொன்னபோது, ஊரில் என் அப்பா பரணிலிருந்து பழைய நோட்டை இறக்கிப் புரட்டுவது கண்முன் வந்தது.

நீங்கள் விருந்தாளி என்ற நிலையைத் தாண்டி வீட்டு மருமகளோ மருமகனோ ஆனால், பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படும் ஓர் உதவி உண்டு. மொழி சரளமாக வராத எனக்குச் செபத்திலும் பாட்டிலும் சேர வழியில்லை. அதனால் காகித வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இறப்புச் சான்றிதழை மருத்துவரிடம் பெற்று நகராட்சியின் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும்; அடக்க அனுமதிக்கும், கோயிலுக்கும், கல்லறை நிர்வாகத்துக்கும் அதன் படி வேண்டும். ஒரே தடவையில் பத்துப் பதினைந்து நகல் எடுத்துவிடுங்கள். 60 வயது நிறைந்தவர் இறந்தால், 2010ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி சவப்பெட்டி, எம்பாம் உள்ளிட்ட இறுதிச்சடங்குச் செலவில் 20 விழுக்காடு தள்ளுபடி உண்டு; கல்லறை நிலத்தின் விலைக்கு அது பொருந்தாது. இறந்தவருடைய மூத்த குடிமகன் அட்டையைக் காட்டி, விலை பேசும்போதே கேட்க வேண்டும். நாங்கள் சென்ற இடத்தில் முதலில் கொடுத்த கணக்கில் அந்தத் தள்ளுபடி இல்லை. கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். இறந்தவர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான எஸ்.எஸ்.எஸ்.ஸில் உறுப்பினராக இருந்திருந்தால், அடக்கச் செலவைச் செய்தவருக்கு அங்கிருந்து ஒரு தொகை கிடைக்கும். செலவு செய்தவர் யார் என்பதற்கு ரசீதே சான்று. ஆகவே ஒன்பது பிள்ளைகளும் ஆளுக்கொரு ரசீது வாங்காமல் ஒருவர் பெயரிலேயே வாங்கும்படி முதல் நாளே பேசி முடிவெடுங்கள். துக்கத்தின் நடுவே இதைப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கும். பேசாமல் விட்டால் அண்ணன் தம்பிக்குள் வரும் கசப்பு அதைவிட நீண்ட நாள் நிற்கும்.

இரவைக் கழிப்பது

மாலை ஏழு எட்டு மணிக்குச் செபம் தொடங்கும். செபமாலை சொல்வதில் தேர்ந்த மூதாட்டி ஒருவர் முன்னே சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கத்தோலிக்கர் அல்லாதவர் எழுந்து நின்று, அமைதியாக இருந்தால் போதும். சேர்ந்து சொல்ல விரும்பினால், புனிதர்களின் பெயர் வரிசையாக வரும்போது ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் 'இப்பனலாங்கின் மோ சியா' என்று வரும். அவருக்காக வேண்டிக்கொள்ளும் என்று பொருள். பத்துப் பெயர் தாண்டுவதற்குள் நாக்கில் பழகிவிடும்.

செபம் முடிந்ததும் காட்சி மாறும். காப்பி வரும், பட்டாங்காஸ் என்றால் பராக்கோ என்னும் கடுங்காப்பி. பிஸ்கட், வேர்க்கடலை, வறுத்த தர்ப்பூசணி விதை, இஞ்சி மணக்கும் அரிசிக் கஞ்சி, நூடுல்ஸ் போன்ற பன்சித் என்று ஏதாவது தட்டில் வந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சாவு வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடத் தொடாமல் வந்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அங்கே சாப்பிட மறுப்பது வீட்டாருக்கு வருத்தம் தரும். ஆனால் அந்த உணவில் ஒரு பிஸ்கட்டைக்கூடக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது. துக்கம் கூடவே வரும் என்பார்கள்.

பந்தலின் ஓரத்தில் சீட்டாட்டம் தொடங்கும். தோங்கிட்ஸ், புசோய் என்பவை சீட்டு விளையாட்டுகள். சில இடங்களில் மஜாங் கட்டைகளும் உருளும். ஜெயித்தவர் பணத்தில் ஒரு பங்கைத் தோங் என்று பிரித்து, அடக்கச் செலவுக்காக வீட்டாரிடம் கொடுப்பார்கள். சிரிப்பும் கூச்சலும் கிண்டலும் பெட்டியிலிருந்து பத்தடி தூரத்தில் கேட்கும்போது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாம் இரவு மூன்று மணி அளவில் பந்தலில் விழித்திருந்தவர்கள் அந்தச் சீட்டாட்டக்காரர்கள் மட்டுமே என்பதைக் கண்டேன். பிள்ளைகள் ஒன்பது பேரில் ஊரில் இருந்த எட்டுப் பேரும் பாயிலும் நாற்காலியிலும் சாய்ந்து உறங்கிவிட்டார்கள். லோலாவின் விளக்கு அணையாமல், பெட்டியருகே பூனை ஏறாமல் பார்த்துக்கொண்டது ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மீனவர்தான். நான்கு முறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்றுமுதல் அந்தச் சிரிப்பு எனக்கு வேறாகக் கேட்டது. ஓர் எச்சரிக்கை மட்டும்: சக்ளா என்ற பெயரில் வெளியாட்கள் மேசை போட்டு நடத்தும் பணச் சூதாட்டமும் லமாய்களில் நுழைவதுண்டு. அது சட்டவிரோதம், போலீஸ் வந்து பிடிப்பதும் நடக்கும். வெளிநாட்டவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் காலையில் தரையெங்கும் தர்ப்பூசணி விதைத் தோல் காலில் நெறிந்தது. எல்லாரும் எழுவதற்குள் சுத்தமாக்கிவிடலாம் என்று, ஈர்க்குகளைக் கட்டிய துடைப்பத்தை எடுத்து நாற்காலிகளின் கீழே இரண்டு வீச்சு வீசினேன். மூத்த தீத்தா அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கையில் மாவு ஒட்டியிருந்தது. என் கையிலும் ஒட்டிக்கொண்டது. பெட்டி வீட்டில் இருக்கும்வரை பெருக்கக் கூடாது, பெருக்கினால் இன்னொருவரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். திட்டவில்லை, அவர் விரல்கள் நடுங்கின. அவருடைய கணவர் அப்போது டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகே நினைவுக்கு வந்தது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, குப்பையைக் கையால் பொறுக்கிப் பையில் போடுங்கள், துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெட்டி இருக்கும் வீட்டில் குளிப்பதும் தலைவாருவதும் கூடாது என்ற வழக்கம் பல ஊர்களில் உள்ளது. நாங்கள் பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம்.

கிளம்பும்போது வீட்டார் உங்களை வாசல்வரை வந்து வழியனுப்ப மாட்டார்கள். இது அவமதிப்பு அன்று. துக்க வீட்டார் விருந்தாளியை வழியனுப்பக் கூடாது என்பது முறை. 'போய்ட்டு வரேன்' சொல்லாமல் எழுந்து வரும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. ஆனால் அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கிலோ, இருபத்து நான்கு மணி நேரக் கடையிலோ, ஜாலிபீ உணவகத்திலோ இறங்கி, சற்று நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும். இதற்குப் பக்பாக் என்று பெயர். உதறுதல் என்று பொருள். கூடவே வந்த ஆவியை வழியில் உதறிவிடுவதாகக் கருத்து. நாம் வாசலிலேயே தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே போவதற்கு ஈடானது.

கடைசி இரவு

அடக்கத்துக்கு முந்தைய இரவில் திருப்பலியோ சிறப்புச் செபமோ முடிந்ததும், ஒவ்வொருவராக ஒலிவாங்கியைப் பிடித்து இறந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். பெரிய குடும்பத்தில் இது நள்ளிரவைத் தாண்டும். பிள்ளைகள் மூப்பு வரிசையில் பேச, பிறகு ஒவ்வொரு கிளையிலிருந்தும் பேரப்பிள்ளைகள் பேசினார்கள். எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லாரும் லோலாவின் படம் அச்சிட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்கள். எந்தப் பிள்ளையின் கிளை என்று தெரிவதற்கு ஆளுக்கொரு நிறத்தில் நாடா. வெளிநாட்டில் இருந்தவர்களுக்காக ஒரு கைப்பேசியை முக்காலியில் நிறுத்தி நேரலையும் ஓடியது.

உங்களையும் பேசச் சொல்வார்கள் என்பதால் மூன்று நான்கு வாக்கியங்களை முன்னதாகவே நினைத்து வையுங்கள். அவருடைய பெருமைகளை அடுக்குவதைவிட அவரோடு நீங்கள் இருந்த ஒரு நேரத்தைச் சொல்லுங்கள். நான் வந்த முதல் மாதத்தில், நான் கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுக் கரண்டியோடு தடுமாறியதைப் பார்த்த லோலா, தம் கரண்டியைத் தட்டுக்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு, சோற்றை விரல்களால் பிசைந்து உண்ணத் தொடங்கினார்; மேசையில் இருந்த எல்லாரும் அப்படியே செய்தார்கள். எனக்குத் தெரிந்த உடைந்த தகலோக்கில் இதை மட்டும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த தீத்தா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். துடைப்பத்தைப் பிடித்த அதே கைதான்.

அடக்க நாள்

வசதியான காலணியும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். கரோ என்னும் அமரர் ஊர்தி மெதுவாக முன்னே போக, ஊர் அதன்பின் நடந்து செல்லும். எங்களுக்குக் கோயில்வரை ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து கல்லறைக்கு மேலும் ஒன்று.

வீட்டிலிருந்து பெட்டியை எடுக்கும்போது நிலையிலோ சுவரிலோ இடித்துவிடக் கூடாது. தூக்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார்கள், நீங்கள் குறுக்கே நிற்காதீர்கள். பெட்டி படி தாண்டிய கணத்தில் ஒரு பீங்கான் தட்டைத் தரையில் போட்டு உடைத்தார்கள். சாவு இந்த வீட்டில் தொடராமல் இத்தோடு முறியட்டும் என்பதற்காக. இறந்தவர் கையில் உள்ள செபமாலையை அறுத்துவிடுவதும் அதற்காகவே. வளையமாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் போவார்களாம். எங்கள் வீட்டில் லோலாவின் தையல் பெட்டியிலிருந்த சிறு கத்தரிக்கோலால் மூத்த மகன் அதை வெட்டினார். மணி ஒன்று கழன்று வெண்பட்டின் மடிப்புக்குள் போயிற்று. யாரும் அதைத் தேடவில்லை.

கல்லறையில் பெட்டியை உள்ளே தள்ளுவதற்கு முன், சிறு பேரப்பிள்ளைகளையும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தூக்கி, பெட்டிக்கு மேலாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கைமாற்றுவார்கள். அதிகப் பாசம் வைத்த பேரக்குழந்தையைத் தேடி லோலா கனவில் வந்து தொந்தரவு செய்யாமல் இருக்கவும், குழந்தை காய்ச்சலில் விழாமல் இருக்கவும் இப்படிச் செய்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரு தீத்தோ, அந்தப் பக்கம் ஒரு குயா. பதினேழு குழந்தைகளை எண்ணினேன். ஆறு மாதக் குழந்தை ஒன்று காற்றில் இருந்தபோது கீழே கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தது. தமிழ்நாட்டில் தாத்தா பாட்டிக்கு நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவரும் பேரப்பிள்ளைகளை எனக்கு அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் குழந்தையையும் கேட்பார்கள். தர மனமில்லை என்றால் முன்கூட்டியே மெல்லச் சொல்லிவிடலாம். பெட்டியருகே வைத்து மறுத்தால் பெரியவர்கள் பதறுவார்கள்.

இட நெருக்கடி உள்ள கல்லறைகளில் மண்ணில் புதைப்பதைவிட, சுவர்போல் அடுக்கடுக்காகக் கட்டிய நிச்சோ என்னும் சிமெண்டுப் பேழைகளே மிகுதி. பொதுக் கல்லறைகள் பலவற்றில் இது ஐந்தாண்டுக் குத்தகை. காலம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் எலும்புகளை எடுத்துவிடுவார்கள். தேதியை யாராவது ஒருவர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சொந்த நிச்சோ உள்ள குடும்பங்கள் முன்னே இறந்தவரின் எலும்புகளைச் சுத்தம் செய்து பொதிந்து, புதிய பெட்டியோடு சேர்த்து வைக்கின்றன. லோலாவின் காலடியில் 22 ஆண்டுகளுக்கு முன் இறந்த லோலோவை ஒரு வெள்ளைத் துணி மூட்டையாக வைத்ததை நான் பார்த்தேன். கொத்தனார் சிமெண்டு பூசி மூடும்வரை ஒருவரும் நகரவில்லை. திரும்பும்போது வீட்டு வாசலில் கொய்யா இலை கொதிக்கவைத்த நீரில் கை கழுவி, அருகே மூட்டிய புகையைத் தாண்டி உள்ளே போனோம்.

அதற்குப் பிறகு

அடக்கத்தோடு எல்லாம் முடிந்தது என்று ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். ஒன்பது நாள் நவநாள் செபம் பாசியாம் எனப்படும்; சிலர் இறந்த நாளிலிருந்தும் சிலர் அடக்கத்திலிருந்தும் எண்ணுவார்கள்; ஒன்பதாம் நாள் விருந்து உண்டு. கிறிஸ்து உயிர்த்து நாற்பதாம் நாள் விண்ணேறியதை ஒட்டி, இறந்தவரின் ஆன்மாவும் 40ஆம் நாளில் இவ்வுலகை விட்டுப் போகிறது என்று அன்றும் கூடிச் செபிப்பார்கள். வீட்டார் நெஞ்சில் ஒரு சிறிய கறுப்பு ஊசிப்பட்டை குத்திக்கொண்டு ஓராண்டு துக்கம் காப்பார்கள். ஆண்டு நிறைவில் பாபாங் லுக்சா, அதாவது துக்கத்தை இறக்கி வைத்தல். நம் தலைத்திவசத்தின் இடத்தில் வைத்துப் புரிந்துகொள்ளலாம். அந்த ஆண்டுக்குள் வீட்டில் திருமணம் வைப்பதைப் பல பெரியவர்கள் விரும்புவதில்லை. மைத்துனரின் நிச்சயித்த திருமணத்தை எங்கள் வீட்டில் தள்ளிவைத்தார்கள்.

பின்னர் ஆண்டுதோறும் நவம்பர் 1 வரும். உந்தாஸ் என்னும் அந்த நாளில் நாடே கல்லறைகளில் இருக்கும். ஒரு வாரம் முன்பே போய் நிச்சோவைக் கழுவி வெள்ளையடித்து, பெயரெழுத்துகளுக்குக் கறுப்பு வண்ணம் தீட்டிவிடுங்கள். அன்றைக்குப் போனால் வாளி வைக்கவும் இடம் இருக்காது. பாய், குடை, குடிநீர், காற்றுக்கு அணையாத கண்ணாடிக் குவளை மெழுகுவத்தி ஆகியவை அவசியம். அக்கம்பக்கச் சிறுவர்கள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டி உருட்டி விற்பதற்குச் சேர்த்துக்கொண்டு போவார்கள்; விரட்டாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த இரவின் காவலை ஒன்பது கிளைகளும் மணிக்கணக்கில் பங்கிட்டுக்கொள்கின்றன. விடியற்காலை இரண்டு முதல் நான்கு வரை எங்கள் முறை. பராக்கோ காப்பியை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு ஒன்றே முக்காலுக்கு நானும் கணவரும் போய்விடுவோம். முந்தைய முறையில் இருக்கும் தீத்தா எழுந்து, என் கையிலிருந்து முதல் குவளையை வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்புவார்.